பில்லில் கோடு போட்டால் சீன எழுத்து வருகிறது: பெட்டிக் கோடுகள் கணினிக்குள் எப்படி இருக்கின்றன?

1. கடைமருமகன்

தேக்காவில் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஓடும் பில் நிரல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. எழுதிக் கொடுத்தவர் ஊரில் இல்லை, மூல நிரலும் கையில் இல்லை. பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டி, சீரியல் வடம் வழியாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறோம். பழைய ஊசி பிரிண்டர் உயிரை விட்டதால் இப்போது 80 மில்லிமீட்டர் தாள் போடும் தெர்மல் பிரிண்டர் ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

எண்களும் ஆங்கில எழுத்துகளும் ஒழுங்காக அச்சாகின்றன. கோடுகள்தான் சிக்கல். ஒற்றைக் கோடு வர வேண்டிய இடத்தில் ஒரே சீன எழுத்து வரிசையாக நிற்கிறது. கூட்டுத்தொகைக்கு மேலே வரும் இரட்டைக் கோட்டுக்கு வேறொரு சீன எழுத்து. பக்கத்துக் கடைப் பெரியவரிடம் காட்டினேன். முதலாவது “எது” என்று கேட்கும் சொல்லாம், இரண்டாவது படை முகாமிடுவதைக் குறிப்பதாம். நிமிர்ந்த கோட்டை ஒட்டி வரும் பொருள் பெயர்களில் முதல் எழுத்தே காணாமல் போகிறது.

பிரிண்டர் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

2. ஈசூன்வாசி

“எது எது எது” என்று பில்லே கேட்டால் வாங்கியவர் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும். திருப்பிக் கொடுக்காதீர்கள், அபூர்வமான பிரிண்டர்.

3. பழைய மோடம்

தம்பி, பிரிண்டரில் பழுது எதுவும் இல்லை. உங்கள் நிரலும் பிரிண்டரும் ஒரே எண்ணை வேறு வேறு அட்டவணையில் பார்க்கின்றன, அவ்வளவுதான்.

டாஸ் நிரலுக்குப் படுக்கைக் கோடு என்பது 196 என்ற ஒரே ஒரு பைட். இரட்டைக் கோடு 205, நிமிர்ந்த கோடு 179. ஐபிஎம் 1981இல் தன் பிசியோடு கொண்டுவந்த 437ஆம் எண் அட்டவணையின் கணக்கு இது. சீனாவில் தயாராகும் பல தெர்மல் பிரிண்டர்கள் மின்சாரம் கொடுத்ததுமே சீன முறையில்தான் விழிக்கின்றன. அந்த முறையில் 128க்கு மேற்பட்ட பைட் ஒன்று வந்தால், “இது பாதி எழுத்து, மீதி அடுத்த பைட்டில் வரும்” என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். 196ம் 196ம் சேர்ந்தால் சீனத் தர அட்டவணையில் “எது” என்னும் எழுத்து. 205ம் 205ம் சேர்ந்தால் அந்தப் படைமுகாம். பக்கத்துக் கடைப் பெரியவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

முதல் எழுத்து மறைவதும் இதே கதைதான். 179க்குப் பின் ஆங்கில எழுத்து வந்தால் அதையும் சேர்த்து விழுங்கி ஒரு சீன எழுத்தாக்கிவிடும், ஏனென்றால் விரிவாக்கப்பட்ட சீன அட்டவணையில் இரண்டாம் பைட் 64இலிருந்தே தொடங்கலாம். இடைவெளி 32. அது அந்த எல்லைக்குள் வராது. ஆகவே கோட்டுக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி இருக்கும் வரிகளில் பெயர் முழுசாக இருக்கும். பில்லை எடுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: பில்லுக்கு முன்னால் 28, 46 என்ற இரண்டு பைட்டுகளை அனுப்புங்கள், சீன முறை அணையும். தொடர்ந்து 27, 116, 0 அனுப்பினால் 437ஆம் அட்டவணை வரும். உங்கள் நிரல் தொடக்கத்தில் 27, 64 அனுப்பிப் பிரிண்டரைத் துடைத்துவிட்டுத் தொடங்குகிறதா என்று பாருங்கள். அனுப்பினால், சீன முறை திரும்பிவிடக்கூடும். அப்போது இந்த ஐந்து பைட்டுகளும் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும்.

4. கழித்தல்குறி

இவ்வளவு கூத்து எதற்கு? கழித்தல் குறி 45, கூட்டல் குறி 43, நிமிர்ந்த கோடு 124. மூன்றும் ஆஸ்கி என்னும் அடிப்படை ஆங்கில அட்டவணையின் 128 இடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே பேசிய 437ஆம் அட்டவணையிலும் சரி, சீன அட்டவணையிலும் சரி, இடம் மாறாதவை. அவற்றை வைத்துப் பெட்டி வரைந்திருந்தால் இந்த இழையே பிறந்திருக்காது. 128க்கு மேலே போனவர்கள் எல்லாரும் ஒரு நாள் கையைச் சுட்டுக்கொண்டவர்களே.

5. கடைமருமகன்

> கழித்தல் குறி 45, கூட்டல் குறி 43

மூல நிரல் இல்லை என்று எழுதியிருந்தேனே.

மோடம் ஐயா, நடுவில் ஒரு சின்னஞ்சிறு நிரல் வைத்து, 27, 64 போனவுடன் நீங்கள் சொன்ன ஐந்து பைட்டுகளையும் செருகினேன். கோடு கோடாகவே வருகிறது! இடைவெளி விட்ட வரிகளில் பெயர் முழுசாக இருந்ததும் உண்மை. ஆனால் நிமிர்ந்த கோடு வரிக்கு வரி அறுந்து அறுந்து நிற்கிறது. படுக்கைக் கோட்டுக்கு அந்தக் குறை இல்லை.

6. பழைய மோடம்

வரி இடைவெளிதான் காரணம். உங்கள் பிரிண்டரின் சாதாரண எழுத்து 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம். தாளின் குறுக்கே 576 புள்ளிகள், ஆக வரிக்கு 48 எழுத்துகள். படுக்கைவாட்டில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கிடையாது, அதனால் கோடு சேர்கிறது. மேலிருந்து கீழே வருகையில் வரிகளுக்கிடையே சில புள்ளிகளைக் காலியாக விட்டுவிட்டுத் தாளை நகர்த்துகிறது. 27, 51, 24 என்று அனுப்பி வரி இடைவெளியை 24ஆக்குங்கள். அலகு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோடு சேர்வது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. ஐபிஎம் பிசியின் கறுப்பு வெள்ளைத் திரை அட்டையில் ஒவ்வொரு எழுத்துக்கும் 9 பிக்சல் அகலம், 14 பிக்சல் உயரம். சில்லுக்குள் இருந்த எழுத்து வடிவமோ 8 பிக்சல் அகலம்தான். ஒன்பதாவது பிக்சல் எப்போதும் காலி. எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க அது நல்லது, கோடுகளுக்கோ அது சாபம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பிக்சல் விட்டுப்போகும். அதனால் அட்டைக்குள் ஒரு விதி வைத்தார்கள்: 192 முதல் 223 வரையிலான எண்களுக்கு மட்டும், எட்டாவது பிக்சலில் இருப்பதை ஒன்பதாவதிலும் அப்படியே போடு.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். கோடுகள் 179இல் தொடங்கி 218இல் முடிகின்றன, மொத்தம் 40.

179 │   180 ┤   185 ╣   186 ║   187 ╗   188 ╝   191 ┐
192 └   193 ┴   194 ┬   195 ├   196 ─   197 ┼   205 ═

179 முதல் 191 வரை இருக்கும் பதின்மூன்றில் ஒன்றுக்காவது வலப்பக்கம் கை நீள்கிறதா? கிடையாது. வலப்பக்கம் கை நீட்டும் எல்லாமே 192இலிருந்துதான் உட்கார்ந்திருக்கின்றன. அட்டவணையைப் பார்ப்பவர்கள் “மூலைகளை ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்? ┐ 191இலும் ┌ 218இலும் ஏன்?” என்று கேட்பார்கள். எண்ணின் சில பிட்டுகளைப் பார்த்தே “ஒன்பதாவது பிக்சலை நிரப்பு” என்று மின்சுற்று முடிவெடுக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

7. ஈசூன்வாசி

வேடிக்கையாகத் தொடங்கியது, இப்போது தூக்கம் போய்விட்டது. கடைமருமகன் தனிமடலில் அனுப்பிய பில் கோப்பை என் விண்டோஸ் நோட்பேடில் திறந்தேன். ஒற்றைப் படுக்கைக் கோடுகள் எல்லாம் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தன. சும்மா எழுத்துருவை மாற்றிப் பார்ப்போம் என்று டிஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியேற்றத்தின் எழுத்துரு ஒன்றைப் போட்டேன். “லலலலலலலலலல” என்று தமிழில் தாலாட்டுகிறது! இரட்டைக் கோடு “சுசுசுசுசு”. நிமிர்ந்த கோடு “ஐ”.

8. பழைய மோடம்

தாலாட்டுக்குக் காரணம் உண்டு. பைட்டின் மேல் பாதியில் இருப்பவை 128 இடங்கள்தான். ஐபிஎம் அதில் கோடு போட்டது, விண்டோஸ் ஐரோப்பிய எழுத்துகளை வைத்தது, டிஸ்கி தமிழை வைத்தது. டிஸ்கியில் 193 ம, 194 ய, 195 ர, 196 ல, 197 வ என்று நெடுங்கணக்கு வரிசையில் போகும். 1990களில் தமிழுக்கு இப்படிப் பல குறியேற்றங்கள், ஒன்றில் எழுதியது இன்னொன்றில் குப்பை. 1997 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டில் பேசித் தீர்க்கப் பார்த்த சிக்கல்களில் இதுவும் ஒன்று. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் தொடங்கியதும் இதே ஊரில்தான்.

மற்ற நாட்டவர்களும் இந்த இட நெருக்கடியில் மாட்டியவர்களே. மேற்கு ஐரோப்பியர்களுக்காக வந்த 850ஆம் அட்டவணையில், ஒற்றையும் இரட்டையும் கலந்த 18 கோடுகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பெரும்பாலும் உச்சரிப்புக் குறி போட்ட எழுத்துகளை உட்காரவைத்தார்கள். கலப்புக் கோடு போட்ட நிரல்களில் பெட்டியின் சந்திப்புகளில் மட்டும் எழுத்துகள் முளைத்தன. ரஷ்யர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். 866ஆம் அட்டவணையில் கோடுகளை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, தங்கள் சிறிய எழுத்துகளை இரண்டு துண்டாக வெட்டினார்கள், முதல் துண்டு 160 முதல் 175 வரை, அடுத்தது 224 முதல். சொந்த நெடுங்கணக்கை உடைத்தாவது அமெரிக்க நிரல்களின் பெட்டிகளைக் காப்பாற்றினார்கள்! எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

9. கடைமருமகன்

27, 51, 24 வேலை செய்துவிட்டது. பெட்டி கண்ணாடிச் சட்டம்போல நிற்கிறது. மாமாவுக்கு மகிழ்ச்சி. மகிழ்ச்சி அதிகமாகி, “இத்தனை செய்தாயே, பொருள் பெயரைத் தமிழில் போடு” என்கிறார். பழைய நிரலைத் தூக்கிவிட்டுப் பைத்தானில் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டேன். யூனிக்கோடில் கோடும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. ஆனால் திரையில் பாருங்கள்:

┌────────────┬──────┐
│ கீரை       │ 1.20 │
│ கிழங்கு    │ 2.40 │
└────────────┴──────┘

பெயருக்குப் பத்து இடம் என்று நிரலில் சொல்லியிருக்கிறேன். அது சரியாகத்தான் நிரப்புகிறது. ஆனாலும் நடுச்சுவர் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது.

10. செங்காங் அக்கா

எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கட்டளைத் திரையான டெர்மினலின் நிரல்களோடு மாரடிப்பது என் தொழில், ஆகவே இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

தம்பி, பத்து இடம் என்கிறீர்களே, எதன் இடம்? “கிழங்கு” என்பதையே எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் கி, ழ, ங், கு என்று 4. யூனிக்கோடு எண்களாக எண்ணினால் க, இகரக் குறி, ழ, ங, மெய்ப்புள்ளி, க, உகரக் குறி என்று 7. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. பைத்தான் 7 என்று எண்ணி மூன்று இடைவெளி விடும். சி மொழியின் அச்சுக் கட்டளையில் அதே பத்தைச் சொன்னால் அது பைட்டை எண்ணி, “21 ஆகிவிட்டது, இடைவெளியே தேவையில்லை” என்று சொல்லிவிடும்.

டெர்மினல் எண்ணுவது இன்னொரு விதம். அதற்கு எழுத்து முக்கியமில்லை, கட்டம்தான் முக்கியம். எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பரவலாகப் புழங்கும் பழைய பட்டியலில், தமிழில் சுழியக் கட்டம் பெறுபவை மெய்ப்புள்ளி, ஈகாரக் குறி, அனுஸ்வரம் ஆகிய மூன்றே மூன்று. மற்ற உயிர்க்குறிகளுக்கெல்லாம் ஒரு கட்டம். அதன்படி “கிழங்கு” 6 கட்டம். “கி” இரண்டு கட்டம் பிடிக்கும், “கீ” ஒரே கட்டத்துக்குள் அடைபடும். திரையில் “கீ”யின் சுழி அடுத்த எழுத்தின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். யூனிக்கோடில் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத ஒட்டுக்குறி வகையிலும் இகரக் குறியை இடம் பிடிக்கும் ஒட்டுக்குறி வகையிலும் சேர்த்திருக்கிறார்கள், அதன் விளைவு இது. தமிழ் எழுதத் தெரிந்த யாரையாவது கேட்டிருந்தால் இந்தப் பாகுபாட்டைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

ஆக 4, 7, 21, 6. இதற்கெல்லாம் மேலே எழுத்துருவில் அந்தச் சொல் உண்மையில் எவ்வளவு அகலம் என்பது ஐந்தாவது கணக்கு, அது இந்த நான்கில் எதற்கும் கட்டுப்படாது. “ண”வையும் “ர”வையும் ஒரே அகலத்தில் அடைத்தால் ஒன்று பிதுங்கும், ஒன்று மெலியும்.

பெட்டிக் கோடு என்பதே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் பிறந்த பண்டம். குறியேற்றம் “இது எந்த எழுத்து” என்று மட்டும்தான் சொல்லும். “இது எவ்வளவு அகலம்” என்று யூனிக்கோடு ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை. கோடுகளுக்கேகூட இல்லை! யூனிக்கோடில் அவற்றுக்கு 9472 முதல் 9599 வரை 128 இடங்கள். ஐபிஎம்மின் 196ம், 1980இல் வந்த சீனத் தரத்தின் படுக்கைக் கோடும், ஜப்பானியரின் கோடும் சேர்ந்து அதே 9472க்குள் அடங்கிவிட்டன. ஐபிஎம்மில் அது ஒரு கட்டம், சீன அட்டவணையில் சீன எழுத்துக்குச் சமமாக இரண்டு கட்டம். ஆகவே யூனிக்கோடு இவற்றில் பெரும்பாலானவற்றின் அகலத்தை “இடத்தைப் பொறுத்தது” என்று தனி வகையாகவே குறித்துவைத்திருக்கிறது. சீன மொழி அமைப்பில் இருக்கும் கணினிக்கு உங்கள் பெட்டியை அனுப்பினால் மேல்கோடு இரண்டு மடங்கு நீண்டு வலப்பக்கம் ஓடக்கூடும். நம் ஊரில் ஒரே அலுவலகத்தில் இரண்டு மேசைகளில் இரண்டு விதமாகத் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

11. கழித்தல்குறி

> “இது எவ்வளவு அகலம்” என்று யூனிக்கோடு ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை

நான் நான்காவது பதிவில் சொன்னதை அக்கா பத்தாவது பதிவில் விளக்கமாகச் சொல்கிறார். நன்றி.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்கும்போது, இந்தக் கோடு ஒவ்வொன்றையும் “பாக்ஸ் டிராயிங்ஸ் லைட் ஹாரிசாண்டல்” என்று அதன் முழுப் பெயரோடு வாசிக்கும் மென்பொருள்கள் உண்டு. நாற்பது கோடு போட்டால் நாற்பது முறை. ஒரு விலையைக் கேட்க அவர் இத்தனை கோட்டையும் தாண்ட வேண்டுமா?

போகிற போக்கில் ஒரு வயிற்றெரிச்சல்: கோடுகளுக்குக் கொடுத்த 128 இடமும் நிரம்பியிருக்கிறது. தமிழுக்கும் 128 இடம் ஒதுக்கி, 72இல் எழுத்து வைத்திருக்கிறார்கள்.

12. செங்காங் அக்கா

திரைவாசிப்பான் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கழித்தல் குறியும் 124ம் போட்டு வரைந்தாலும் தம்பியின் நடுச்சுவர் இதே போலத்தான் கோணும், ஏனென்றால் கோணுவது சுவர் இல்லை, அதற்குள் இருக்கும் தமிழ். உங்கள் வைத்தியம் பிரிண்டர் நோய்க்குப் பலிக்கும், இந்த நோய்க்குப் பலிக்காது. எழுபத்திரண்டு பற்றிய வழக்கைத் தனி இழையில் நடத்துங்கள், நானும் வருகிறேன்.

தம்பிக்கு: திரையில் வேண்டுமென்றால் இரண்டு வழி. எண்களை முன்னாலும் தமிழைக் கடைசியிலும் வைத்து வலப்பக்கச் சுவரையே விட்டுவிடுவது ஒன்று.

┌──────┬──────────────
│ 1.20 │ கீரை
│ 2.40 │ சேனைக்கிழங்கு
└──────┴──────────────

தமிழ் எவ்வளவு நீண்டாலும் இடிப்பதற்குச் சுவர் இல்லை. விலை முன்னால் வருவது கண்ணுக்குப் பழக இரண்டு நாள் பிடிக்கும். இல்லை, வலச்சுவர் வேண்டும் என்றால் இடைவெளியை எண்ணி நிரப்பாதீர்கள். பெயரை எழுதியபின், “22ஆம் பத்திக்குப் போ” என்று டெர்மினலுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு அங்கே │ போடுங்கள். 27ஆம் எண், திறந்த சதுர அடைப்பு, 22, ஆங்கில எழுத்து “ஜி” பெரியதாக. கட்டக் கணக்கு எப்படித் தப்பினாலும் சுவர் நேராக நிற்கும்.

பில் தாளுக்கு இந்த இரண்டும் வேண்டாம். உங்கள் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு இருக்கப்போவதில்லை. ஆகவே பில்லையே 576 புள்ளி அகலப் படமாகக் கணினியில் வரைந்து, 29, 118, 48 என்று தொடங்கும் படக் கட்டளையில் அனுப்புங்கள். தமிழைக் கோர்க்கும்போது சொல்லின் உண்மையான அகலத்தை எழுத்துரு நூலகமே புள்ளிக் கணக்கில் சொல்லும். கோட்டையும் எழுத்தாக வைக்காமல் இரண்டு புள்ளி தடிமனில் கோடாகவே வரைந்துவிடுங்கள்.

13. கடைமருமகன்

படமாக அனுப்பினேன். முதல் தமிழ் பில் வந்துவிட்டது. எழுத்தாக அனுப்பியதைவிட மெதுவாகத்தான் வருகிறது, நீளமான பில்லென்றால் தாள் தயங்கித் தயங்கி ஏறுகிறது. திரைக்கு விலையை முன்னால் வைத்த வழியை எடுத்துக்கொண்டேன். மாமா உடனே கேட்டது: “இரட்டைக் கோடு எங்கே?” அதையும் வரைந்தாகிவிட்டது.

14. பழைய மோடம்

பில் முழுவதையும் ஒரே படமாக அனுப்பாதீர்கள், வரி வரியாக வெட்டி அனுப்புங்கள். பிரிண்டருக்குள் இருக்கும் நினைவகம் சின்னது, சீரியல் வடமும் மெதுவானது. ஒரு பட்டை அச்சாகும்போதே அடுத்தது வந்து சேரும். வடத்தை யூஎஸ்பிக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

15. ஈசூன்வாசி

கோடு தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். வேலையிடத்தில் புட்டி (PuTTY) என்னும் டெர்மினல் நிரல் வழியாக ஒரு லினக்ஸ் சர்வருக்குள் போனால், மெனுப் பட்டிகளைச் சுற்றிக் கோட்டுக்குப் பதிலாக ஆங்கிலச் சிறிய எழுத்துகள் வருகின்றன. மேலே ஒரு “எல்”, பிறகு வரி நெடுக “க்யூ”, கடைசியில் “கே”. பக்கவாட்டில் “எக்ஸ்”. இதுவும் சீன முறையா?

16. செங்காங் அக்கா

இல்லை, இது 1978இல் வந்த விடி100 டெர்மினலின் முறை. அதில் கோடுகளுக்கென்று தனி எண் கிடையாது. “இனி வரும் சிறிய எழுத்துகளைக் கோடாக வாசி” என்று முதலில் ஒரு கட்டளை போகும், அதன்பின் எல் என்றால் ┌, க்யூ என்றால் ─, கே என்றால் ┐, எக்ஸ் என்றால் │, எம் என்றால் └, ஜே என்றால் ┘. வரைந்து முடிந்ததும் பழையபடி எழுத்துக்குத் திரும்பு என்று இன்னொரு கட்டளை. உங்கள் சர்வர் அந்தக் கட்டளையை அனுப்புகிறது. புட்டி யூடிஎஃப்-8 முறையில் இருக்கும்போது அதைச் சட்டை செய்வதில்லை, எழுத்தை எழுத்தாகவே காட்டிவிடுகிறது.

புட்டி அமைப்பில் விண்டோ பகுதிக்குள் டிரான்ஸ்லேஷன் என்ற பக்கத்தைத் திறங்கள். யூடிஎஃப்-8 முறையிலும் விடி100 கோடுகளை வரையச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கும், அதில் குறி போடுங்கள். அந்தப் பெட்டியே கண்ணில் படவில்லை என்றால் உங்கள் புட்டி 0.71க்கு முந்தைய பதிப்பு. புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.